பால் டம்ளரும் பால் கறப்பவரும்

2024-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் அமெரிக்காவின் டெக்சாஸ், கன்சாஸ் மாநிலங்களில் கறவை மாடுகளுக்கு இனம்புரியாத ஒரு நோய் கண்டது. மாடுகள் தீனி எடுக்கவில்லை; பால் சட்டென்று வற்றியது; கறந்த பாலும் சீம்பால் போல மஞ்சளித்துக் கெட்டியாக இருந்தது. அந்தப் பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்து விழுந்தன. காரணம் பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் எச்5என்1 வைரஸ் என்று மார்ச் 25 அன்று அரசு அறிவித்தது. ஒரு வாரம் கழித்து, டெக்சாஸில் மாடுகளோடு வேலை செய்த ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்ததுபோலக் கண் சிவந்திருந்ததும், அது அதே வைரஸால் வந்தது என்பதும் தெரியவந்தன. இந்த இரண்டு செய்திகளில் மக்களை உலுக்கியது முதலாவதுதான். கடையில் வாங்கும் பாலைக் குடிக்கலாமா என்று நாடே கேட்டது. பால் கறப்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் சிலரே. பறவைக் காய்ச்சலைப் பற்றிய பொதுமக்களின் எதிர்வினையைப் பேசும்போதெல்லாம் அச்சம் கூடிப்போனதா, குறைந்துபோனதா என்றே விவாதிக்கிறோம். உண்மையான சிக்கல் அச்சத்தின் அளவில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. நம் அச்சம் உணவுத் தட்டின் அருகே நிற்கிறது. வைரஸோ தொழுவத்திலும் கோழிக் கொட்டகையிலும் வேலை செய்பவர்கள் வழியாக மனித இனத்துக்குள் நுழையப் பார்க்கிறது.

இதைப் புரிந்துகொள்ள வைரஸின் வழியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எந்த ஃப்ளூ வைரஸும் செல்லுக்குள் போக, செல்லின் மேற்பரப்பில் உள்ள சியாலிக் அமில ஏற்பிகளைப் பற்றிக்கொள்ள வேண்டும். பறவை வைரஸ்கள் விரும்பும் ஏற்பி ஒரு வகை; மனிதரின் மூக்கிலும் தொண்டையிலும் மிகுந்திருப்பது இன்னொரு வகை. இந்த வேறுபாடுதான் இதுவரை நம்மைக் காத்துவரும் முக்கியமான தடைகளில் ஒன்று. பசுவின் மடியில் பறவை வகை ஏற்பிகள் ஏராளமாக இருப்பது 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மனித வகை ஏற்பிகளும் அங்கே உண்டு. மடிக்குள் புகுந்த வைரஸ் அங்கே பெருகிப் பாலில் கோடிக்கணக்கில் வெளியேறியது. ஒரு மாட்டின் காம்பிலிருந்து கழற்றிய கறவை இயந்திரத்தின் கிண்ணத்தை அடுத்த மாட்டுக்கு மாட்டும்போது நோயும் கூடவே போனது. மாடுகள் லாரியில் ஏறி மாநிலம் விட்டு மாநிலம் போனபோது வைரஸும் பயணம் செய்தது. 2023-இன் பிற்பகுதியில் பறவையிலிருந்து மாட்டுக்கு ஒரே ஒருமுறை நிகழ்ந்த தாவல்தான் இந்த முதல் அலைக்கு மூலம் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதக் கண்ணின் மேற்படலத்திலும் பறவை வகை ஏற்பிகள் உண்டு. அதனால்தான் பால் கறக்கும்போது முகத்தில் தெறித்த ஒரு துளியோ, பால் பட்ட கையால் கண்ணைக் கசக்குவதோ தொற்றுக்குப் போதுமாக இருந்தது.

இனி மக்கள் கேட்ட கேள்விக்கு வருவோம். கடைப் பாலில் ஆபத்து உண்டா? அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 ஏப்ரலில் கடைகளிலிருந்து பால் பொருட்களை எடுத்துச் சோதித்தது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு மாதிரியில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் இருந்தன. தலைப்புச் செய்தியானது இந்தப் பாதிதான். மறுபாதி இது: அந்தச் சோதனையில் எடுத்த 297 மாதிரிகளில் ஒன்றில்கூட உயிருள்ள வைரஸ் இல்லை. பாலைச் சூடாக்கிப் பதப்படுத்தும்போது வைரஸ் அழிந்துவிடுகிறது. மிஞ்சுவது அதன் சிதைந்த எச்சங்கள் மட்டுமே. ஆகவே, பலரும் அஞ்சிய இடத்தில் அறிவியல் தெளிவான விடையைச் சில வாரங்களிலேயே தந்துவிட்டது. வியப்பு என்னவென்றால், அதே காலத்தில் பதப்படுத்தாத பச்சைப் பாலின் விற்பனை அமெரிக்காவில் கூடியது. முந்தைய ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிட்டால் 21 முதல் 65 விழுக்காடு வரை உயர்வு இருந்ததாகச் சந்தைக் கணக்குகள் கூறின. அரசு வேண்டாம் என்று சொன்னதாலேயே அதை நாடியவர்கள் உண்டு; குடித்தால் எதிர்ப்பாற்றல் வரும் என்று நம்பியவர்களும் உண்டு. 2024 நவம்பரில் கலிஃபோர்னியாவில் விற்பனையில் இருந்த பச்சைப் பாலிலேயே வைரஸ் கண்டறியப்பட்டு, அந்தப் பால் திரும்பப் பெறப்பட்டது. காய்ச்சிய பாலைப் பார்த்துப் பயந்த சமூகத்தில் ஒரு பகுதி காய்ச்சாத பாலைத் தேடி ஓடியது என்றால், அச்சமும் துணிச்சலும் இரண்டுமே தவறான முகவரிக்குப் போயின என்றுதான் பொருள்.

மாறாக, தொற்றியவர்கள் யார் என்று பாருங்கள். 2024 தொடங்கி 2025-இன் முற்பகுதி வரை அமெரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட மனிதத் தொற்றுகள் 70. அவர்களில் 41 பேர் கறவை மாடுகளோடும், 24 பேர் கோழிப் பண்ணைகளிலும் கோழிகளை அழிக்கும் பணியிலும் தொடர்புடையவர்கள். கடைப் பாலைக் குடித்தோ சமைத்த கோழியைத் தின்றோ நோயுற்றதாக உறுதியானவர் ஒருவர்கூட இல்லை. இந்த 70 என்பதும் முழுக் கணக்கு ஆகாது. மிச்சிகன், கொலராடோ மாநிலங்களில் நோய் கண்ட பண்ணைகளில் வேலை செய்த 115 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 8 பேருக்கு, அதாவது 7 விழுக்காட்டினருக்கு, முன்பே தொற்று வந்துபோன தடயம் இருந்தது. அவர்களில் பாதிப்பேருக்குத் தாங்கள் நோயுற்றதே நினைவில்லை. 2024 ஜூலையில் கொலராடோவில் கோழிகளை அழிக்கும் பணியில் இருந்தவர்களுக்குத் தொற்றியபோது, கொட்டகைக்குள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. சூட்டைத் தணிக்கச் சுழன்ற பெரிய மின்விசிறிகள் இறகையும் தூசியையும் வாரியடித்தன. அந்தப் புழுக்கத்தில் முகக்கவசமும் கண்ணாடியும் முகத்தில் நிற்கவில்லை.

ஏன் இவர்கள் முன்வந்து சொல்லவில்லை? அமெரிக்கப் பால் பண்ணைகளின் உழைப்பில் பெரும்பங்கு குடியேறிகளுடையது. அவர்களில் பலருக்கு முறையான ஆவணங்கள் இல்லை. மருத்துவக் காப்பீடு இல்லை. நோய்க்காக ஒருநாள் வீட்டில் இருந்தால் அன்றைய கூலி இல்லை. கண் சிவந்ததற்காக அரசு அலுவலரிடம் போய் நிற்பது அவர்களுக்கு நோயைவிடப் பெரிய ஆபத்து. பண்ணை முதலாளிகளின் கணக்கும் இதுபோன்றதே. கோழிப் பண்ணையில், அரசு ஆணைப்படி அழிக்கப்படும் கோழிகளுக்கு இழப்பீடு உண்டு. நோயில் ஏற்கெனவே இறந்தவற்றுக்கு இல்லை. அதனால் சீக்கிரம் சொல்பவருக்கே லாபம். பால் பண்ணைகளுக்கோ, இழந்த பாலுக்கான ஈடு 2024 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் நோயைச் சொல்வதால் கெட்ட பெயர்தான் மிச்சம். மாநில எல்லை தாண்டும் கறவை மாடுகளுக்கு மட்டும் ஏப்ரல் இறுதியில் சோதனை கட்டாயமானது. நாடு தழுவிய பால் சோதனைக்கான ஆணை டிசம்பரில்தான் பிறந்தது. அதே டிசம்பர் 18 அன்று கலிஃபோர்னியா நெருக்கடி நிலையை அறிவித்தது. மொத்தத்தில் அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட மாட்டுப் பண்ணைகளில் நோய் உறுதியானது. ஆக, நோயைப் பற்றிய செய்தி எங்கே முதலில் பிறக்க வேண்டுமோ, அங்கே வாயைத் திறக்காமல் இருப்பதற்கே எல்லாக் காரணங்களும் இருந்தன.

அச்சம் தட்டின் அருகே நிற்பது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் இந்தியாவின் முதல் எச்5என்1 பரவல் உறுதியானதும், ரயில்களில் கோழி உணவு நிறுத்தப்பட்டது; நாடெங்கும் கறிக்கோழி விலை சரிந்தது. கேரளத்தின் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளுக்கு நோய் வரும்போதெல்லாம், நோய் எட்டிப் பார்க்காத நாமக்கல் முட்டைக்கும் அடி விழுகிறது. இத்தனைக்கும் எழுபது டிகிரி செல்சியஸில் முழுமையாக வேகவைத்த கறியிலோ முட்டையிலோ இந்த வைரஸ் பிழைப்பதில்லை. ஆஃப்பாயிலையும் சரியாக வேகாத கறியையும் தவிர்த்தால் போதும் என்பதே நோய் பரவும் காலத்துக்கான அறிவுரை. பாலைப் பொங்கக் காய்ச்சும் பழக்கமும், கறியைக் குழையும்வரை வேகவைக்கும் பழக்கமும் உள்ள நம் சமையலறைகளில் தட்டு ஏற்கெனவே பெரிதும் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது. பாதுகாப்பு இல்லாமல் நிற்பவர்கள் குட்டநாட்டில் வாத்து மேய்ப்பவர்கள், நோய் கண்ட பறவைகளைச் சாக்கில் அள்ளும் பணியாளர்கள், கோழிக்கடையில் உயிர்க்கோழியை அறுத்து இறகு உரிப்பவர்கள். விலை வீழ்ச்சியைப் பற்றி வந்த செய்திகளில் பத்தில் ஒரு பங்காவது இவர்களைப் பற்றி வந்திருந்தால் நம் எதிர்வினை நிதானமானது என்று சொல்லிக்கொள்ளலாம்.

விலங்குகள் மீது எடுக்கும் நடவடிக்கை எல்லாமே பதற்றம் என்று இதற்கு அர்த்தமில்லை. இரண்டு இடங்களின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 முதன்முறையாக மனிதர்களைத் தாக்கியது. 18 பேர் நோயுற்றனர், 6 பேர் இறந்தனர். அப்போது நகரின் சுகாதார இயக்குநராக இருந்தவர் மார்கரெட் சான். பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானவர். தான் தினமும் கோழி சாப்பிடுவதாக அவர் சொன்னது கேலிக்கு உள்ளானது. ஆனால் ஆண்டின் கடைசி நாட்களில் நகரின் பண்ணைகளிலும் சந்தைகளிலும் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளை அழிக்கும் முடிவு செயலுக்கு வந்தது. அத்தோடு புதிய மனிதத் தொற்றுகள் நின்றன. உயிர்க்கோழிச் சந்தைதான் வைரஸ் மனிதரைச் சந்தித்த இடம்; அடி சரியான இடத்தில் விழுந்தது. 2009-இல் எச்1என்1 உலகெங்கும் பரவியபோது அதற்குப் பன்றிக் காய்ச்சல் என்ற பெயர் வந்தது. எகிப்து அரசு ஏறத்தாழ மூன்று லட்சம் பன்றிகளைக் கொல்ல ஆணையிட்டது. அந்த வைரஸ் அப்போது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது. பன்றியைக் கொல்வதால் தடுக்க எதுவும் இல்லை. கெய்ரோவின் குப்பையைச் சேகரித்து, உணவுக் கழிவைப் பன்றிக்குப் போட்டுப் பிழைத்த மக்கள் வாழ்விழந்தார்கள். தெருக்களில் குப்பை மலைபோலக் குவிந்தது. அதே எகிப்தில் வீட்டுக் கோழிகள் வழியே எச்5என்1 ஆண்டுதோறும் பெண்களையும் குழந்தைகளையும் தாக்கிக்கொண்டிருந்தது என்பதுதான் இதில் கொடுமை. இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றே. வைரஸின் பாதையில் நின்று செய்ததால் ஒன்று பலன் தந்தது. பெயரைப் பார்த்துச் செய்ததால் மற்றொன்று பாழாயிற்று.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் வரக்கூடும். முதலாவது: அமெரிக்கத் தொழிலாளர்களுக்கு வந்தது கண் சிவப்பும் லேசான காய்ச்சலும்தானே, இதற்கு ஏன் இத்தனை கவலை? உண்மைதான். 2024-இன் முதல் 46 நோயாளிகளை ஆராய்ந்த கட்டுரையில் 93 விழுக்காட்டினருக்குக் கண் அழற்சி இருந்தது; நோய் நீடித்தது சராசரியாக நான்கு நாட்கள்; கூட வசித்த 97 பேரில் ஒருவருக்கும் தொற்றவில்லை. மறுபக்கம், 2003 முதல் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் எச்5என்1 நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பாதிப்பேர் இறப்பார்கள் என்பது, மருத்துவமனை வாசலில் நின்றுகொண்டு ஊரின் உடல்நலத்தைக் கணிப்பது போன்றது. லேசாக வந்து போனவர்கள் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை. லேசான நோய் என்பதோ ஒரு குறிப்பிட்ட வகை வைரஸ், பெரும்பாலும் கண் வழியாக, பெரும்பாலும் உழைக்கும் வயதினரின் உடலில் நுழைந்ததன் விளைவு. மாடுகளில் முதலில் பரவியது பி3.13 என்ற மரபு வகை. காட்டுப் பறவைகளில் பரவிய டி1.1 என்ற இன்னொரு வகை 2024 நவம்பரில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பதின்ம வயதினரை உயிருக்குப் போராட வைத்தது. 2025 ஜனவரியில் லூசியானாவில் 65 வயதைக் கடந்த ஒருவரின் உயிரைப் பறித்தது. அந்த டி1.1 வகையும் அதே ஜனவரியில் நெவாடாவின் கறவை மாடுகளில் தென்பட்டது. ஆகவே லேசானது என்ற ஆறுதல் வைரஸின் நிலையான குணத்தைச் சொல்லவில்லை. இதுவரை நடந்ததைத்தான் சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. 1997 முதல் இந்த வைரஸைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள், கொள்ளைநோய் வரவில்லையே. இதில் நியாயம் உண்டு. பறவையிலிருந்து மனிதருக்கு வந்து, மனிதரிடையே தடையின்றிப் பரவுவதற்கு வைரஸ் ஒரே நேரத்தில் பல மாற்றங்களை அடைய வேண்டும். இத்தனை ஆண்டுகளாக அது கைகூடவில்லை என்பது சிறிய தகவல் அல்ல. ஆனால் 1997-இன் வைரஸும் இன்றைய வைரஸும் ஒன்றல்ல. 2022-இல் ஸ்பெயினின் மிங்க் பண்ணை, பிறகு பெரு நாட்டின் கடற்சிங்கங்கள், 2023-இல் அர்ஜென்டினாவின் வால்தெஸ் தீபகற்பத்தில் இறந்த 17,000-க்கும் மேற்பட்ட யானைச் சீல் குட்டிகள், 2024-இல் பசுக்கள் என்று பாலூட்டிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பசுவில் பரவிய வைரஸின் மேற்புரதத்தில் ஒரே ஒரு மாற்றம் நிகழ்ந்தால் அது மனித வகை ஏற்பியைப் பற்றக்கூடியதாகிவிடும் என்று 2024 டிசம்பரில் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு காட்டியது. அந்த மாற்றம் மட்டும் கொள்ளைநோய்க்குப் போதாது; எனினும் பல தடைகள் இருக்கும் என்று நினைத்த இடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. கூடவே, பண்ணையாளர் ஒருவருக்குச் சாதாரண ஃப்ளூவும் பறவைக் காய்ச்சலும் ஒரே வாரத்தில் வந்தால், இரண்டு வைரஸ்களும் அவர் உடலில் மரபணுத் துண்டுகளை மாற்றிக்கொள்ள வாய்ப்புண்டு. ஒவ்வொரு மனிதத் தொற்றும் வைரஸுக்குக் கிடைக்கும் ஒரு வாய்ப்பு. கொள்ளைநோய் வந்தே தீரும் என்று சொல்ல இது தேவையில்லை; வாய்ப்புகளின் எண்ணிக்கையைக் குறைப்பது அறிவு என்று சொல்ல இதுவே போதும்.

மூன்றாவது மறுப்பு மக்களின் மனநிலை பற்றியது. கோவிட் காலத்துக்குப் பிறகு சலித்துப்போன சமூகத்திடம் இன்னொரு வைரஸைப் பற்றிப் பேசினால் காது கொடுப்பார்களா? தேவையில்லாமல் கோழியைத் தவிர்ப்பதால் யாருக்கு என்ன நட்டம் என்பார்கள். நட்டம் உண்டு, அது சுற்றி வந்து நோய்க் கண்காணிப்பின் தலையில்தான் விழுகிறது. நோயைச் சொன்னால் வட்டாரத்தின் வியாபாரமே படுத்துவிடும் என்று தெரிந்த பண்ணையாளர், செத்த கோழிகளைச் சத்தமில்லாமல் புதைக்கவே நினைப்பார். வதந்தி ஒரு விலை வைக்கிறது; அந்த விலையைக் கொடுக்காமல் இருக்க மௌனம் பிறக்கிறது; மௌனத்தில் வைரஸுக்கு நேரம் கிடைக்கிறது. அமெரிக்காவில் இன்னொரு விதமாக இது நடந்தது. 2022 முதல் அங்கே 16 கோடிக்கும் மேற்பட்ட பறவைகள் நோயாலும் அழிப்பாலும் மடிந்தன. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலராக உச்சம் தொட்டது. பறவைக் காய்ச்சல் என்பது மக்கள் மனத்தில் முட்டை விலையாகவே மாறிப்போனது. விலை இறங்கியதும் நோயும் போய்விட்டதுபோல் ஆயிற்று. சலித்தவர்களிடம் அச்சத்தைக் கூட்டிப் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்ளலாம். அச்சத்தைத் திருப்பிவிடுவது வேறு வேலை. கடைப் பாலைக் கண்டு பயப்பட வேண்டாம் என்று சொல்லும் அதே மூச்சில், யாருக்கு ஆபத்து, அவர்களுக்கு என்ன செய்கிறோம் என்று சொன்னால், கேட்பவருக்கு ஆறுதலும் கிடைக்கும், பொறுப்பும் புரியும்.

அப்படிச் செய்ய முடியும் என்பதற்குச் சான்று உண்டு. ஃபின்லாந்து 2024-இல், மனிதத் தொற்று ஒன்றுகூட இல்லாத நிலையிலேயே, விலங்குகளோடு நெருங்கி வேலை செய்யும் பத்தாயிரம் பேருக்குப் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியை ஒதுக்கியது. அமெரிக்காவும் அந்த ஆண்டு பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சாதாரண ஃப்ளூ தடுப்பூசி போட 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. இரண்டு வைரஸ்களும் ஒரே உடலில் சந்திப்பதைத் தவிர்ப்பதே அதன் நோக்கம். ஆனால் கவனம் கலைந்ததும் காட்சி மாறியது. புதிய தொழில்நுட்பத்தில் பறவைக் காய்ச்சல் தடுப்பூசியை உருவாக்க அளித்திருந்த ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு 2025 மே மாதத்தில் ரத்து செய்தது. ஜூலையில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் அவசரகால நடவடிக்கையை முடித்துக்கொண்டது. பிப்ரவரிக்குப் பிறகு புதிய மனிதத் தொற்று இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. எண்ணிக்கை குறைவது நோய் குறைந்ததாலும் இருக்கலாம், தேடுவது குறைந்ததாலும் இருக்கலாம். தேடிக்கொண்டே இருந்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். அந்த ஆண்டு நவம்பரில், வீட்டில் பறவைகள் வளர்த்த ஒருவர் வாஷிங்டன் மாநிலத்தில் எச்5என்5 என்ற வகையால் இறந்தார். மனிதரிடம் அந்த வகை காணப்பட்டது உலகிலேயே அதுதான் முதல்முறை.

பொதுமக்களின் எதிர்வினையை அறிவியலுக்கு வெளியே கேட்கும் கூச்சலாகக் கருதுவது வழக்கம். உண்மையில் அது நோய்ப் பரவலின் ஒரு பகுதி. எந்தப் பண்ணை சோதனைக்கு ஒப்புக்கொள்ளும், எந்தத் தொழிலாளி மருத்துவரிடம் போவார், எந்தத் திட்டத்துக்குப் பணம் வரும் என்பதையெல்லாம் மக்களின் கவனமே தீர்மானிக்கிறது. ஆகவே அடுத்தமுறை எங்காவது கோழிகளோ மாடுகளோ நோயுற்ற செய்தி வரும்போது, சாப்பிடலாமா என்ற கேள்வியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்ற விடையோடு முடித்துவிட்டு, நாம் கேட்க வேண்டியவை வேறு இருக்கின்றன. நோயைச் சொல்லும் பண்ணையாளருக்கு இழப்பீடு உடனே கிடைக்கிறதா? அங்கே வேலை செய்பவர் நோயுற்றால் கூலியோடு விடுப்பு உண்டா? அந்த வெயிலிலும் அணியக்கூடிய கவசமும், அச்சமின்றிப் போகக்கூடிய மருத்துவமும் அவருக்கு எட்டுகிறதா? இவற்றுக்குச் செலவாவது, ஒரு வதந்தியால் சந்தை இழக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் சொற்பமே. மனிதரைத் தாக்கப் பழகும் ஒரு வைரஸின் முதல் அடையாளம் எந்த ஆய்வகத்திலும் தெரிவதற்கு முன்பு ஒரு பண்ணைத் தொழிலாளியின் உடலில்தான் தெரியப்போகிறது. அதை அவர் தயங்காமல் சொல்லக்கூடிய நிலையை உருவாக்குவதே மற்ற அனைவருக்குமான தற்காப்பு.